பேத்தையின் கோபமும் கடற்பசுவின் கேள்விகளும்

ஒரு காட்டில் ஒரு பேத்தை மீன் வாழ்ந்தது. அதற்கு முதன்முதலில் கெடுதல் செய்தது கெளுத்தி. மற்றவர்கள் செய்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காட்டில் மீன் எப்படி வாழும் என்று கேட்கிறீர்களா, பிள்ளைகளே? அது தண்ணீரில் நிற்கும் காடு. ஆறு கடலில் கலக்கிற இடத்தில், சுரபுன்னை மரங்கள் தங்கள் வேர்களைக் கால்களைப் போலச் சேற்றில் ஊன்றிக்கொண்டு நின்றன. ஏற்றத்தின்போது கடல் உள்ளே வந்து வேர்களை மூடும். வற்றத்தின்போது தண்ணீர் வாய்க்கால் வழியாக இறங்கி முகத்துவாரத்துக்குப் போய்விடும்.

அங்கே ஒரு பருத்த வேரின் அடியில் நல்ல நிழலான பொந்து ஒன்று இருந்தது. பேத்தை அதில்தான் குடியிருந்தது. ஒருநாள் கெளுத்தி தன் கூட்டத்தோடு அந்தப் பக்கம் வந்தது. மீசையை நீட்டிப் பொந்தைத் தடவிப் பார்த்தது.

"இது யார் இடம்?" என்று கேட்டது.

"என் இடம்" என்றது பேத்தை.

"நேற்றுவரை அப்படி இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கெளுத்தி முள்ளை விரித்து ஓர் இடி இடித்தது. பேத்தை வெளியே போய் விழுந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வாய்க்காலில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்கும்படி கெளுத்தி சொன்னது: "நீ யாருக்குடா உதவுவாய்? உன் உடம்பெல்லாம் விஷம். கொக்கு உன்னைத் தின்னாது. வலைக்காரன் உன்னைக் கண்டால் தலையில் அடித்துக்கொண்டு தூக்கி எறிகிறான். கடலுக்கே வேண்டாத மீனுக்கு நிழல் ஒரு கேடா?"

எல்லாரும் சிரித்தார்கள்.

பேத்தையின் உடம்பு வாகு ஒரு மாதிரியானது. கோபம் வந்தால் தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பூசணிக்காய் போல ஊதிவிடும். கோபம் தலைக்கு ஏறினால் மேலே வந்து காற்றையும் விழுங்கிவிடும். பிறகு நீந்த முடியாது. வயிறு வானத்தைப் பார்க்க மிதக்கவேண்டியதுதான். அன்றைக்கும் அப்படித்தான் ஆயிற்று. தலைகீழாகக் கெளுத்தியைத் திட்டிக்கொண்டே தண்ணீர் போன பக்கம் போயிற்று.

அன்றிலிருந்து அது எதையும் மறப்பதில்லை என்று முடிவு செய்தது. இறால் கூட்டம் வழிவிடாமல் போனது, மடவை வாலால் சேற்றைக் கிளப்பி முகத்தில் அடித்தது, நண்டு கேலி செய்தது எல்லாம் அதன் நெஞ்சில் பத்திரமாக இருந்தன. எந்த வேரடியில் நடந்தது, எந்தக் காற்று வீசியது, பக்கத்தில் யார் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்பதுவரை எதுவும் விட்டுப்போகாது.

கேட்கத்தான் ஆள் இல்லை.

"நண்டே, ஒரு விஷயம் சொல்கிறேன், கேள். அந்தக் கெளுத்தி இருக்கிறானே..."

நண்டு வளைக்குள் இருந்தபடியே ஒரு கண்ணை மட்டும் வெளியே நீட்டும். "பொந்துக் கதைதானே? பழைய ஓட்டில் இருந்தபோது கேட்டேன். ஓடு கழற்றிய பிறகும் கேட்டேன். அடுத்த ஓடு வரட்டும், வா. இப்போது காது வலிக்கிறது."

"உனக்குக் காதே கிடையாது!"

"அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி" என்று சொல்லிவிட்டு நண்டு கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்படி இருக்கும் நாளில் ஒரு கடற்பசு அந்தக் கரைக்கு வந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே கடற்புல் வளர்ந்திருந்தது. அந்தப் புல்லை மேய்ந்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டது. புல்லைத் தவிர வேறு எதையும் தின்னாத பிராணி என்பதால் மீன்கள் அதைக் கண்டு பயப்படவில்லை. ஆனால் அதற்கு ஒரு பழக்கம் இருந்தது. யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்கும்.

"முட்டையிடுவது எங்கே? எந்த மாதம்? குஞ்சுகள் எத்தனை பெரிதானதும் வெளியே வரும்?"

மடவைகள் கூட்டமாகச் சிரித்தன. "முட்டையா? நாங்களா? நாங்கள் மழையோடு விழுகிறோம், அக்கா!" என்று சொல்லிவிட்டு ஓடிப்போயின.

நண்டு, "நான் ஆண். என்னைக் கேட்காதே" என்றது. மறுநாள் அதன் மனைவியைக் கேட்டபோது, "எங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள்" என்றது.

கெளுத்தி மீசையை முறுக்கிக்கொண்டு, "எங்கள் வீட்டு விஷயம் ஊர்சுற்றிக்கு எதற்கு?" என்று கேட்டது.

கடற்பசு கோபப்படவில்லை. மறுநாளும் வந்து கேட்டது. அதற்கு மறுநாளும் கேட்டது.

ஒருநாள் ஏற்றத்தில் அது முகத்துவாரத்தின் ஓரமாக வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பேத்தை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போயிற்று.

"அக்கா, நீ எல்லாரிடமும் கேட்கிறாய். என்னிடம் எதுவும் கேட்கவில்லையே."

"கேட்க வந்தேன், தம்பி. நீ ஊதிக்கொண்டு மிதந்தாய். வடியட்டும் என்று இருந்தேன்."

"நான் ஏன் ஊதினேன் தெரியுமா? அந்தக் கெளுத்தி இருக்கிறானே..."

பேத்தை பொந்துக் கதையைத் தொடங்கியது. கடற்பசு புல்லை மென்றுகொண்டே கேட்டது. பேத்தை அதை முடித்துவிட்டு இறால் கதைக்குப் போயிற்று. கடற்பசு மென்றுகொண்டே இருந்தது. மடவை சேற்றை அடித்த கதையும் முடிந்தது. இப்போது அக்கா நகர்ந்து போய்விடும் என்று பேத்தை நினைத்தது.

"மடவை உன் முகத்தில் சேற்றை அடித்தபோது ஏற்றமா, வற்றமா?" என்று கடற்பசு கேட்டது.

பேத்தை திகைத்துப்போயிற்று. "ஏற்றம், அக்கா. வாடைக்காற்று அப்போதுதான் தொடங்கியிருந்தது."

"மடவையின் வயிறு எப்படி இருந்தது?"

"புடைத்துக்கொண்டு இருந்தது. எங்கே என்னைத் தின்னவிடாமல் எல்லாவற்றையும் தானே தின்றுவிட்டு வந்தானோ!"

"தின்ற வயிறு இல்லை, தம்பி. சினை வயிறு. அவர்கள் கடலுக்குப் போகிற அவசரத்தில் இருந்திருக்கிறார்கள். இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லு."

இன்னொரு தடவை! பேத்தை பிறந்ததிலிருந்து எல்லாரும் "போதும்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு தடவை சொல் என்று யாருமே கேட்டதில்லை.

"சொல்கிறேன், அக்கா" என்றது. அன்றைக்கு அது ஒரு தடவைகூட ஊதவில்லை.

அதன் பிறகு ஏற்றம் வரும்போதெல்லாம் பேத்தை முகத்துவாரத்துக்குப் போயிற்று. தன் மனக்குறைகளில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகும். கடற்பசு கேள்விமேல் கேள்வி கேட்கும். திரும்பி வரும்போது பேத்தைக்கு உடம்பு லேசாக இருக்கும்.

"ஏன் அக்கா இப்படி எல்லாரையும் கேட்டுக்கொண்டே அலைகிறாய்?" என்று ஒருநாள் பேத்தை கேட்டது.

கடற்பசு மெல்லுவதை நிறுத்தியது. "தெற்கே ஒரு குடாவில் ஓர் இனத்து மீன் குறைந்துகொண்டே வந்தது. எனக்கு அப்போது மேய்ச்சல்தான் முக்கியம். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ஒருநாள் கேட்கலாம் என்று போனபோது பதில் சொல்ல அங்கே ஒரு மீனும் இல்லை."

பேத்தை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்தது.

"இந்தக் காட்டில் கெளுத்தி அந்த நிலைமைக்கு வந்துகொண்டிருக்கிறது, தம்பி. பெரிய கெளுத்திகள் கண்ணில் படுகின்றன. குஞ்சுகளே தெரியவில்லை. எங்கே போகின்றன, ஏன் போகின்றன என்று தெரியாமல் நான் எதைத் தடுப்பது?"

"போகட்டும் விடு" என்றது பேத்தை. "அவன் வம்சம் இருந்தால் என்ன, போனால் என்ன? ஒவ்வொரு வருஷமும் தென்காற்று வீசும்போது அவனுக்கு வருகிற திமிரைப் பார்த்தால் நீயே இப்படிச் சொல்வாய்."

கடற்பசு மெதுவாகத் திரும்பியது. "தென்காற்றிலா? என்ன திமிர்?"

"எதிரே போய் நின்று திட்டினாலும் பதில் சொல்ல மாட்டான். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை திருப்பித் திட்டக்கூட அவனுக்கு மனம் வராது. அவ்வளவு அலட்சியம்!"

"போன வருஷமுமா?"

"போன வருஷமும், அதற்கு முந்தின வருஷமும். தென்காற்று அடங்கினால் மறுபடியும் வாய் கிழியப் பேசுவான்."

"அந்த நாட்களில் அவன் தின்றதைப் பார்த்தாயா?"

பேத்தை யோசித்தது. "இல்லை. இறால் அவன் மூக்கை உரசிக்கொண்டு போயிற்று. வாயையே திறக்கவில்லை."

"முகம்?"

"அதைத்தானே சொல்ல வந்தேன்! இரண்டு கன்னத்தையும் உப்ப வைத்துக்கொண்டு இருந்தான். நான் ஊதுவதைக் கேலி செய்கிறான், அக்கா!"

கடற்பசு பெரிதாக மூச்சு விட்டது. தண்ணீர் குமிழியிட்டது. "தம்பி, இப்போது தென்காற்றுதானே வீசுகிறது? அவனைப் போய்ப் பார்ப்போம் வா."

ஏற்றம் நிறைந்திருந்ததால் கடற்பசுவால் வாய்க்காலுக்குள் கொஞ்சதூரம் வர முடிந்தது. கெளுத்தி ஒரு வேரின் பக்கத்தில் அசையாமல் கிடந்தது. உடம்பு இளைத்திருந்தது. தலைமட்டும் பெரிதாகத் தெரிந்தது. இருவரும் ஒளிந்து நின்று பார்த்தார்கள். கெளுத்தி வாயை மிகக் கொஞ்சமாகத் திறந்து உள்ளே எதையோ புரட்டிவிட்டு மூடிக்கொண்டது.

அந்த ஒரு நொடியில் இருவரும் பார்த்துவிட்டார்கள். சுண்டைக்காய் அளவில் மஞ்சள் மஞ்சளாக முட்டைகள். வாய் நிறைய முட்டைகள்.

"அப்பன் சுமக்கிறான்" என்று கடற்பசு மெல்லச் சொன்னது. "அம்மா இட்டுவிட்டுப் போய்விட்டாள். குஞ்சு பொரிக்கிறவரை அப்பன் தின்னாமல் பேசாமல் வாயில் வைத்துக் காக்கிறான். யாராவது பறித்துத் தின்றுவிடுவார்கள் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை."

இத்தனை வருஷமாகப் பேத்தை சேர்த்துவைத்த கோபத்தில் பாதி கையை விட்டு நழுவியது போல இருந்தது. "பொந்தை விட்டுத் துரத்தினானே, அது நிஜம்தானே?" என்று அவசரமாகக் கேட்டது.

"அது நிஜம்தான்" என்றது கடற்பசு. "அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது."

பேத்தைக்கு ஆறுதலாக இருந்தது.

முகத்துவாரத்துக்குத் திரும்பும்போது கடற்பசுவின் முகம் வாடியிருந்தது. "இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது. வாயில் முட்டை இருந்தால் மூச்சு விடுவது கஷ்டம். வேரடியில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. முகத்துவாரத்தில் ஓடுகிறது. அதனால் அப்பன்மார் எல்லாரும் வற்றத்தோடு அங்கே இறங்கி வருகிறார்கள். வலைக்காரர்கள் அங்கேதான், அதே வற்றத்தில்தான் வலை போடுகிறார்கள். வலை நெருக்கியதும் அப்பன்மார் மூச்சு முட்டி முட்டைகளைத் துப்பிவிடுகிறார்கள். அப்பனும் போகிறான், பிள்ளைகளும் போகிறார்கள்."

"யாருக்கும் தெரியாதா?"

"வலைக்காரர்களுக்குக் கெளுத்தி கிடைக்கிறது என்பது மட்டும் தெரியும். கெளுத்திகளுக்கு மூச்சு முட்டுகிறது என்பது மட்டும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நீ சொன்ன கதைகள் வேண்டியிருந்தன." கடற்பசு பேத்தையின் பக்கம் குனிந்தது. "நாளை வற்றத்தில் வலை வரும். தென்காற்று அடங்கும்வரை வற்றத்தில் இறங்காதீர்கள், ஏற்றத்தில் வாருங்கள் என்று அவனிடம் நீதான் சொல்லவேண்டும். வற்றத்தில் என் உடம்பு வாய்க்காலுக்குள் வராது. வந்தாலும் என் பேச்சை அவன் கேட்கமாட்டான்."

"நானா? அவனிடமா?" பேத்தையின் வயிறு லேசாக உப்பியது. "முதலில் அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கட்டும்."

"வாயில் முட்டை இருக்கிறதே. எப்படிக் கேட்பான்?"

"தலையையாவது ஆட்டட்டும்."

"தம்பி, உன் கோபம் உன்னுடையது. அதை விடச் சொல்ல நான் யார்? தெற்கே போனது போல இங்கேயும் போய்விடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. அதனால் உன்னைக் கேட்கிறேன்."

கடற்பசு தன்னிடம் ஒன்றைக் கேட்கிறது. அதுவரை அது பேத்தையிடம் கதைகளைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை. பேத்தை வயிற்றை வடியவிட்டது.

"உனக்காகப் போகிறேன், அக்கா" என்றது.

மறுநாள் வற்றம் தொடங்கியது. கெளுத்தியின் தலைமையில் அப்பன்மார் எல்லாரும் உப்பிய கன்னங்களோடு வாய்க்காலில் இறங்கத் தொடங்கினார்கள். பேத்தை வேகமாகப் போய்க் கெளுத்தியின் முன்னால் நின்றது.

"கெளுத்தி, நில். கீழே வலை போடுகிறார்கள். திரும்பிப் போய்விடுங்கள்."

கெளுத்தி பேத்தையின் வாயைப் பார்த்தது. பேத்தைகளுக்கு முட்டை தின்பது என்றால் உயிர் என்பது காட்டில் எல்லாருக்கும் தெரியும். கெளுத்தி ஒதுங்கிப் போகப் பார்த்தது.

பேத்தை மறுபடியும் குறுக்கே போயிற்று. "நான் சொல்வது கேட்கிறதா, இல்லையா? கேட்கிறது என்றால் தலையை ஆட்டு. ஒரு தடவை ஆட்டினால் போதும்."

கெளுத்தி தலையை ஆட்டவில்லை. முள்ளை விரித்தது. பேத்தையின் விலாவில் ஒரு குத்து.

பேத்தைக்கு எல்லாம் தெரியும். அவன் வாயில் முட்டை இருக்கிறது, பேச முடியாது, பயத்தில் குத்துகிறான் என்று எல்லாமே தெரியும். தெரிந்து என்ன பயன்? வயிறு கேட்கவில்லை. "மறுபடியுமா!" என்று கத்திக்கொண்டே அது தண்ணீரைக் குடித்தது. மேலே வந்து காற்றைக் குடித்தது. பந்து போல உருண்டு திரண்டது. வற்றம் அதைத் தூக்கிக்கொண்டு, கெளுத்திக் கூட்டத்தின் தலைக்கு மேலேயே முகத்துவாரத்துக்குக் கொண்டுபோயிற்று.

'அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்துவிட்டேனே' என்று அது வானத்தைப் பார்த்து அழுதுகொண்டே மிதந்தது.

முகத்துவாரத்தில் படகு நின்றது. வலை இறங்கிக்கொண்டிருந்தது. படகில் இருந்த ஒருவன் பேத்தையைப் பார்த்துவிட்டான்.

"மாமா, பேத்தை மிதக்குது! ஒண்ணு மேல வந்தா அடியில கும்பலா கெடக்கும். போன தடவ கடிச்சு வச்சதத் தைக்கறதுக்கே என் முதுகு ஒடிஞ்சுபோச்சு."

"ஒத்தப் பேத்தையப் பாத்தா பயப்படுறே? தூக்கி அந்தாண்ட போடு மாப்ளே. கும்பலா இருந்தா வலைய வாரிச் சுருட்டிக்கிட்டுப் போயிர வேண்டியதுதான். நம்மால ஆவாது."

அவன் பேத்தையை வாலைப் பிடித்துத் தூக்கிக் கடல் பக்கம் வீசினான். தண்ணீரில் விழுந்த வேகத்தில் வயிற்றில் இருந்த காற்றெல்லாம் வெளியேறிவிட்டது. பேத்தை பழைய உருவத்துக்கு வந்தது. வந்ததும் அதன் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் ஒலித்துக்கொண்டிருந்தது. கும்பலா!

முகத்துவாரத்துக்கு வெளியே மணல்திட்டின் ஓரத்தில் பேத்தையின் சொந்தக்காரர்கள் கூட்டமாக வாழ்ந்தார்கள். சித்தப்பா பிள்ளைகள். அவர்களோடும் நமது பேத்தைக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏதோ ஒரு விருந்தில் சிப்பியைப் பங்கு வைத்தபோது வந்த மனக்கசப்பு அது.

"அடடே, யார் வந்திருப்பது!" என்றது ஒரு பேத்தை. "எங்கள் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டதா, அண்ணே?"

"தீரவில்லை. அப்படியே இருக்கிறது. அதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். இப்போது எல்லாரும் என்னோடு வலைக்குள் வாருங்கள்."

"வலைக்குள்ளா? எதற்கு?"

"கெளுத்திகளைக் காப்பாற்ற."

எல்லாப் பேத்தைகளும் சிரித்தன. "உன்னைப் பொந்தை விட்டு விரட்டினானே, அவனையா? அதைச் சொல்லிச் சொல்லித்தானே எங்கள் உயிரை வாங்கினாய்!"

"அவனுக்காக இல்லை. முகத்துவாரத்தில் புல் மேய்கிறதே கடற்பசு அக்கா, அவளுக்காக. நாம் பேசினால் யாராவது நின்று கேட்டிருக்கிறார்களா? அவள் கேட்டாள். இன்னொரு தடவை சொல் என்றாள். நம் இனத்தில் யாருக்கு இந்த மரியாதை கிடைத்திருக்கிறது?"

சிரிப்பு நின்றது. ஆனாலும் யாரும் நகரவில்லை.

"வந்து என்ன செய்யவேண்டும்?" என்று ஒரு பேத்தை சோம்பலோடு கேட்டது.

"கடிக்கவேண்டும். பிறகு ஊதவேண்டும்."

"கடிப்போம். சும்மா இருக்கும்போது ஊது என்றால் எப்படி ஊதுவது? கோபம் வரவேண்டாமா?"

பேத்தை இதற்குத்தான் காத்திருந்தது. "கெளுத்தி என்னிடம் என்ன சொன்னான் என்று முழுவதையும் நீங்கள் கேட்டதில்லை. பாதியிலேயே ஓடிவிடுவீர்கள். கடலுக்கே வேண்டாத மீன் என்றான். என்னை மட்டும் சொல்லவில்லை. உன்னை, உன்னை, உன் பெண்டாட்டியை, நம் எல்லாரையும் சேர்த்துச் சொன்னான்."

"என்ன!" என்று பேத்தைகள் கத்தின. அங்கேயே இரண்டு ஊதத் தொடங்கிவிட்டன.

"இங்கே வேண்டாம், இங்கே வேண்டாம்! அடக்கிக்கொள்ளுங்கள். வலைக்குள் போய் ஊதுங்கள்!"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வலை பாதி நெருங்கியிருந்தது. கெளுத்திக் கூட்டம் உள்ளே முட்டி மோதிக்கொண்டிருந்தது. கெளுத்தி கண்கள் பிதுங்க வாயை இறுக்கிக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் இருந்த ஓர் இளைய அப்பனுக்குத் தாடை நடுங்கியது. இன்னும் கொஞ்சம் நெருக்கினால் துப்பிவிடும்.

"கடியுங்கள்!" என்றது பேத்தை.

பேத்தையின் பல் கிளியின் மூக்கைப் போன்றது. நைலான் நரம்பு வலை அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நறுக் நறுக் என்று வலை அறுந்தது. அறுந்த இடத்தின் வழியாக உள்ளே புகுந்த பேத்தைகள் கெளுத்திகளுக்கும் வலைக்கும் நடுவே நின்றுகொண்டன.

"கடலுக்கே வேண்டாத மீன்!" என்று பேத்தை உரக்கக் கத்தியது.

அவ்வளவுதான். எல்லாப் பேத்தைகளும் ஒரே நேரத்தில் ஊதின. வலைக்குள் திடீரென்று பூசணித் தோட்டம் காய்த்தது போல ஆயிற்று. வலையின் சுவர் கெளுத்திகளை விட்டு விலகியது. இளைய அப்பன் மூச்சு வாங்கியது. வாய் திறக்கவில்லை.

படகில் இருந்தவர்கள் வலையைத் தூக்கினார்கள். கனம் தாங்கவில்லை.

"மாமா, நல்ல மீன்பாடு போலிருக்கு!"

வலையின் மேல்பக்கம் தண்ணீருக்கு மேலே வந்தது. உருண்டை உருண்டையாகப் பேத்தைகள் பல்லைக் கடித்து உறுமிக்கொண்டு அவர்களை முறைத்தன.

"ஐயையோ! அத்தனையும் பேத்தை! அறுத்துப்புட்டானுங்க, பாவிப் பயலுவ! கொட்டு, கொட்டு. கவுத்துக் கொட்டு!"

"எங்கன பாத்தாலும் ஓட்டை மாமா. இதத் தைக்கறதவிடப் புதுசு பின்னலாம்."

"தென்காத்து அடங்குறவரைக்கும் இந்த மொகத்துவாரத்துப் பக்கமே தலைவைக்கக் கூடாது. பேத்தை கூடு கட்டியிருக்கு. வெளிக்கடலுக்கு விடு."

வலையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் படகு போய்விட்டது. பேத்தைகள் நாலாபக்கமும் மிதந்தன. கெளுத்திகள் அடித் தண்ணீரில் இறங்கின. கெளுத்தி ஒரு நொடி நின்று மேலே பார்த்தது. நமது பேத்தை வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்ததால் அந்தப் பார்வையைக் கவனிக்கவில்லை.

அந்தத் தென்காற்றுக் காலம் முழுவதும் முகத்துவாரத்துக்கு வலை வரவில்லை. அப்பன்மார் ஓடும் தண்ணீரில் நின்று நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் கெளுத்தி வாயைத் திறந்தது. சின்னஞ்சிறு மீசைகளோடு குஞ்சுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லா அப்பன்மாரும் திறந்தார்கள். வாய்க்கால் முழுவதும் குஞ்சுகள். வேர்களுக்கு நடுவே கறுப்பு மழை பெய்தது போல ஓடின. நண்டு வளையை விட்டு முழு உடம்போடு வெளியே வந்து வாய் பிளந்து பார்த்தது. "என் வாழ்நாளில் இத்தனை குஞ்சு பார்த்ததில்லை. பேத்தை அண்ணே, உனக்குப் புண்ணியமாகப் போகட்டும்" என்று கும்பிட்டது. அது பேத்தையை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மடவைகள் கடற்பசுவைத் தேடிக்கொண்டு வந்தன. "அக்கா, நாங்கள் மழையோடு விழுவதில்லை" என்று தலைகுனிந்து சொல்லிவிட்டு, தாங்கள் எங்கே முட்டையிடுவோம் என்பதை ஒன்று விடாமல் சொல்லின. நண்டின் மனைவியும் வீட்டுக்காரரைக் கேட்காமலே வந்து சொன்னது.

கடற்பசு புறப்படும் நாள் வந்தது. வடக்கே இன்னொரு கரையில் மீன் குறைகிறது என்று கேள்விப்பட்டிருந்தது.

"தம்பி, உன்னால்தான் இந்தக் காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது. என்றைக்கும் மறக்கமாட்டேன்."

"அப்படிச் சொல்லாதே, அக்கா. நான்தான் மறக்கமாட்டேன்" என்றது பேத்தை. "எனக்குக் கெடுதல் செய்தவர்களை எல்லாம் நெஞ்சில் வைத்திருக்கிறேன். நல்லது செய்தவர்கள் என்று வைக்க அங்கே ஓர் இடம் காலியாகவே இருந்தது. இப்போது அங்கே நீ இருக்கிறாய்."

கடற்பசு தன் பெரிய மூக்கால் பேத்தையை மெல்லத் தொட்டது. பிறகு வடக்கே போயிற்று. அது கண்ணுக்கு மறையும்வரை பேத்தை அங்கேயே நின்றது.

திரும்பி வரும் வழியில் கெளுத்தி எதிரே வந்தது. இப்போது அதன் வாய் காலியாக இருந்தது. நன்றாகத் தின்று உடம்பு தேறியிருந்தது. பேத்தை நின்றது. கெளுத்தியும் நின்றது. வாய்க்காலில் இருந்தவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கெளுத்தி மீசையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. வாயைத் திறந்தது. மூடியது. மறுபடியும் திறந்தது.

"இன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கலங்கல்" என்றது.

"ஆமாம்" என்றது பேத்தை.

கெளுத்தி போய்விட்டது. சொல்லவேண்டிய வார்த்தையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. பேத்தை இன்றும் காத்திருக்கிறது.

நீதி: நம் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டவருக்காகப் பகைவனையும் காப்பாற்றலாம், ஆனால் பகைவன் கேட்கவேண்டிய மன்னிப்பை அவன்தான் கேட்கவேண்டும்.